குடோன் வாசல் நாற்காலி

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஐந்து பேரை வளர்த்திருக்கிறேன். நான்கு நான் பெற்றவை. ஐந்தாவது என் கடைசி மகள் பெற்றது. அவளும் மருமகனும் மஸ்கட்டுக்குப் பிழைக்கப் போனபோது பால்குடி மறந்த கையோடு என்னிடம் விட்டுப் போன பெண். நான் பெற்ற நாலும் ஊர் ஊராகப் பிரிந்து போய்விட்டன. இவள் ஒருத்திதான் பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் என் வீட்டு வாசலிலிருந்தே போய் வந்தாள். ஆகவே இவளை நான் கணக்கில் கடைசியாகச் சொன்னாலும் மனசில் முதலாகத்தான் வைத்திருக்கிறேன்.

இதை எழுதுவதும் அவள்தான். நான் மூன்றாம் வகுப்பு. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுத்து என்னோடு ஒட்டவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தட்டுகிறாள். என் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றிக்கொள், ஆனால் விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறாள். சிரித்ததையும் போடு என்றேன்.

விஷயம் எதிர் வீட்டுக்காரியைப் பற்றியது. எதிர் வீட்டுக்காரி வேறு யாருமில்லை, என் கொழுந்தனின் பெண்டாட்டி, என் ஓரகத்தி. குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊர். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகம் பிரிந்தபோது தெருவுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு. நடுவில் ஒரு டிராக்டர் போகிற அகலம்தான். அவள் வீட்டுக் குக்கர் விசில் என் வீட்டில் கேட்கும். என் வீட்டில் நான் விடுகிற பெருமூச்சு அவளுக்குக் கேட்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் கும்பகோணத்துப் பெண். பத்தாவது பாஸ். வந்த புதிதிலேயே காலையில் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பரைச் சத்தமாகப் படிப்பாள். தெருவே கேட்கும். என் மாமியார், 'சின்னவ படிச்சா மணி அடிச்ச மாதிரி இருக்கு' என்பார். நான் அப்போது கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பேன். மாடு குடிக்கும், எனக்குத் தொண்டை காய்ந்து போகும். பிறகு மொசைக் தரை முதலில் அவள் வீட்டில், போர்வெல் முதலில் அவள் கொல்லையில், ஃபிரிட்ஜும் அப்படியே. அவள் மகன் படித்துச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்து, தஞ்சாவூரிலும் ஒரு கிளை திறந்துவிட்டான். அவன் கார் தெருவில் நுழைந்தால் என் வாசல் கோலத்தின் ஓரத்தை மிதிக்காமல் திரும்ப முடியாது. வேண்டுமென்றே செய்கிறான் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அவன் வருகிற நாளில் நான் கோலத்தைக் கொஞ்சம் பெரிதாகத்தான் போடுவேன்.

எனக்குப் பொறாமை உண்டு. பசிக்கிற மாதிரி, வியர்க்கிற மாதிரி அதுவும் எனக்கு வரும். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது என்றால் அது இந்தப் பேத்திதான். அவளுக்குப் பேரன் பேத்திகள் சென்னையில் இருக்கிறார்கள். போனில் 'ஹாய் பாட்டி' என்பதோடு சரி. என் பேத்தி என்னை நீ, வா, போ என்பாள். அவளை 'சின்ன அம்மாச்சி, வாங்க' என்பாள். மரியாதை அவளுக்கு, உரிமை எனக்கு. அதில் எனக்குத் தனி கர்வம்.

பேத்தி காலேஜ் முடித்து வீட்டிலிருந்தபடியே யாருக்கோ கம்ப்யூட்டர் வேலை செய்துகொண்டிருந்தாள். ஒருநாள், 'அம்மாச்சி, வீட்டை ஒட்டின நம்ம நெல் குடோன் சும்மாதானே கெடக்கு, ஞாயித்துக்கிழமை குடேன்' என்றாள். வாடகைக்கு இருந்த விதைக் கம்பெனிக்காரர்கள் காலி செய்து போன பிறகு அங்கே எலியும் வௌவாலும்தான் குடியிருந்தன. கோடிங் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம், இலவசமாக. கம்ப்யூட்டருக்கு நாம் வேலை சொல்கிற பாஷை அது என்று எனக்கு விளக்கினாள். காலேஜில் பாடம் நடத்துகிறார்களாம், ஆனால் கை பழகவில்லையாம். 'யார் வேணா வரலாம், யாரும் எதுவும் குடுக்க வேணாம்' என்றாள்.

காலேஜ் பிள்ளைகள் மன்னார்குடியிலிருந்து வந்தார்கள், திருவிடைமருதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்கள். முதல் வாரங்களில் மத்தியானச் சோறு என்னுடையது. என் வயல் அரிசி, முருங்கைக்காய் சாம்பார், ஒரு பொரியல். பிள்ளைகள் இலையை வழித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர் வீடு கண்ணிலேயே படவில்லை.

கூட்டம் சேர்ந்ததும் லேப்டாப் பற்றவில்லை. ஒன்றை மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். பேத்தி ஸ்பான்சர் தேடினாள். அவளுக்குக் கிடைத்த ஸ்பான்சர் யார் என்று நினைக்கிறீர்கள்? தெருவைத் தாண்டினால் போதும் என்று ஆகிவிட்டது. என் ஓரகத்தி மகன் லேப்டாப்புகளைக் காரில் கொண்டுவந்து இறக்கினான். கூடவே குடோன் நெற்றியில் தன் கம்பெனிப் பெயர் போட்ட பேனர். மத்தியானத்துக்குக் கும்பகோணத்திலிருந்து பொட்டலம் பொட்டலமாக வெஜிடபிள் பிரியாணி. 'சூப்பரா இருக்குல்ல' என்று என் சாம்பாரைச் சாப்பிட்ட அதே வாய்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். என் குடோனுக்கும் என் அரிசிக்கும் யாரும் பேனர் கட்டவில்லை.

அந்த வாரமே ஒரு தகராறு. கம்பெனியிலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பேர் வந்திருந்தார்கள். பேத்தி பாடம் நடத்த நடத்த, அவர்கள் பிள்ளைகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். நன்றாகச் செய்கிற பிள்ளையாகப் பார்த்துத் தோளுக்கு மேல் குனிந்து, 'எந்த வருஷம் முடிக்கிற? நம்பர் குடு' என்றார்கள். குடவாசல் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாயின் மகள் ஒருத்தி, தலையில் முக்காடு, வாய் திறக்காத பெண். பயந்துபோய் நம்பரைக் கொடுத்துவிட்டாள். வாரம் முழுக்கப் போன் அடித்திருக்கிறது. அடுத்த ஞாயிறு பெண் வரவில்லை. பேத்தி அந்தக் கடைக்கே போய்ப் பாயிடம் பேசினாள். 'படிக்க அனுப்பினேன்மா, சந்தையில நிறுத்த இல்ல' என்றாராம் அவர். இனிமேல் அப்படி நடக்காது என்று வாக்குக் கொடுத்துப் பெண்ணை அழைத்து வந்தாள்.

வந்ததும் மாமாவிடம் நேராகச் சொன்னாள். ஓரகத்தி மகன் முறையில் அவளுக்கு மாமா. ஆனால் அன்றைக்கு 'சார்' என்றாள்.

'சார், உங்க ஆளுங்க கிளாஸ் நடக்கும்போது உள்ள வரக்கூடாது. யார்கிட்டயும் நம்பர் கேக்கக் கூடாது. வெளிய புன்னை மரத்தடியில உங்களுக்கு ஒரு டேபிள் போடறேன். கடைசியில கொஞ்ச நேரம் உங்க கம்பெனியப் பத்திப் பேசுங்க. வேலை வேணும்ங்கறவங்க அவங்களா நடந்து வருவாங்க. வராதவங்கள விட்டுடணும்.'

அவன் நல்ல பையன்தான், சரி என்று தலையாட்டினான். அவளுடைய மகன் என்பதைத் தவிர அவனிடம் எனக்கு வேறு குறை இல்லை.

பேத்தி சொன்னதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. ஏனென்றால் அது எங்கள் வயல் முறை. அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். நடவு நடக்கும்போது சேற்றில் நிற்கிற ஆளை வேறு பண்ணைக்காரர் வரப்பில் வந்து நின்று கூப்பிடக்கூடாது. எவ்வளவு அவசரமானாலும் அவர்கள் கரை ஏறிக் கால் கழுவும்வரை காத்திருக்க வேண்டும். கால் கழுவின ஆள் யார் வயலுக்கும் போகலாம். அதற்கு முன்னால் கேட்டால், கேட்டவர் முகத்தை ஊரில் ஒரு வருஷம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அந்த முறையை மீறிய ஒருத்தியை எனக்குத் தெரியும். நாங்கள் இளவயதாக இருந்தபோது, ஒரு தாளடி நடவில், ஆளுக்கு ஊரெல்லாம் அடித்துக்கொள்கிற நாள். என் வயலில் பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். என் ஓரகத்தி காப்பித் தூக்கோடு வரப்பில் வந்து நின்றாள். எல்லாருக்கும் காப்பி ஊற்றினாள். 'பாவம் இடுப்பு ஒடியுது' என்றாள். நான்கூட நல்ல மனசு என்று நினைத்தேன். மறுநாள் என் வயலில் பாதி நட்டது பாதி நடாதது. பெண்கள் எல்லாரும் அவள் வயலில். கட்டி வைத்த என் நாற்று முற்றிப் போனது. அந்தக் காப்பி வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

'கிளாஸ் நேரத்துல கம்பெனிக்காரங்க உள்ள வராம யாரு பாத்துக்குவாங்க?' என்று பிள்ளைகள் பேத்தியைக் கேட்டபோது, 'நான் பாத்துக்கறேன்' என்றேன். பேத்தி குடோன் வாசலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டாள்.

வேலை பார்ப்பது என்றால் என்ன என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது தெரிந்தது. அடுத்த ஞாயிறு ஓரகத்தி மகனே வந்தான். பளபளவென்று ஷூ.

'பெரியம்மா, ஒரு ரெண்டு நிமிஷம் உள்ள பாத்துட்டு வந்துடறேன்.'

'டேபிள் அங்க இருக்கு தம்பி.'

'நான்தான் பெரியம்மா ஸ்பான்சர்.'

'அதனாலதான் உனக்கு நிழல்ல போட்டிருக்கு.'

அவன் சிரித்துக்கொண்டே மரத்தடிக்குப் போனான். காரையும் கம்பெனியையும் வைத்திருக்கிறவன் என் ஒரு வார்த்தைக்குத் திரும்பிப் போனான். அவன் அம்மா அதை வாசலிலிருந்து பார்த்தாள். பார்க்கட்டும் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்படி உட்கார்ந்ததுதான் தப்பு. குடோனுக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு, மூட்டை இறக்குவதற்கு. அங்கேதான் தண்ணீர்க் குடமும் டீ அடுப்பும். அதை நான் காவலில் சேர்க்கவே இல்லை. பிள்ளைகள் ஏதோ கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க, பேத்தி தண்ணீர் குடிக்கப் பின்னால் போயிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வெல்லமும் நெய்யும் கலந்த வாசனை வாசல்வரை வந்தது. சுழியம். என் பேத்திக்கு உயிர். என் வீட்டில் அன்றைக்கு யாரும் சுழியம் போடவில்லை.

காதைத் தீட்டினேன். பேப்பர் படித்துப் பழகிய குரல், மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.

'சூடா இருக்கு, சாப்பிடு கண்ணு. நீ இந்தக் குடோன்ல இருந்து என்ன பண்ணப் போற? மாமா ஆபீஸ்ல உனக்கு நல்ல எடம் வெச்சிருக்கான். சென்னையில மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு. ஏசி போட்டிருக்கு. நீ வந்தா வீடே கலகலன்னு ஆயிடும். நானும் அங்கயே வந்துடுவேன்.'

'அம்மாச்சி தனியா இருப்பாங்களே.'

'அக்காவுக்கு என்ன, ஒரு ஆள் வெச்சுக்கிட்டாப் போச்சு.'

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. பின்பக்கம் சுற்றிப் போக எனக்குப் பொறுமை இல்லை. வகுப்பின் நடுவிலேயே, ஒயர்களைத் தாண்டித் தாண்டி நடந்தேன். எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

'அடியே! இன்னும் கரை ஏறலடி! சேத்துல நிக்கற பிள்ளைய வரப்புல வந்து கூப்பிடற புத்தி உனக்கு இன்னும் போகலையா?'

'யாருக்கா சேத்துல நிக்கறா? பிள்ளைக்குச் சுழியம் குடுக்க வந்தேன்.'

'அன்னிக்குக் காப்பி, இன்னிக்குச் சுழியமா?'

'எந்தக் காப்பி? ஐயோ, அதையா இன்னும் வெச்சுக்கிட்டிருக்கீங்க? அந்தப் பொம்பளைங்கள்ல பாதிப் பேரு இப்ப உசுரோடயே இல்லக்கா!'

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். முக்காட்டுப் பெண்கூட வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அவளோடு பேசிப் பிரயோசனமில்லை என்று பட்டது. பேத்தியைப் பார்த்தேன். கையில் பாதி கடித்த சுழியம். அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தாங்கவில்லை.

'நீ சொல்லு. இவளோட போறியா, என்னோட இருக்கியா? இப்பவே சொல்லு.'

அவள் சுழியத்தைத் தட்டில் வைத்தாள். கையைத் துடைத்தாள்.

'சின்ன அம்மாச்சி, நீங்க வெளிய போய் உக்காருங்க. கிளாஸ் முடியட்டும்.' பிறகு என் பக்கம் திரும்பினாள். 'அம்மாச்சி, நீங்களும்.'

நீங்களும் என்றாள். எனக்கு.

'நானா? இது என் குடோன்!'

'ஆமா. குடோன் உங்களுது, அரிசி உங்களுது. அப்ப நீங்களும் ஸ்பான்சர்தான். ஸ்பான்சர் யாரும் கிளாஸ் நடக்கும்போது ஆள் கேக்கக் கூடாது. நான் போறேனா இருக்கேனான்னு கேக்கறதும் ஆள் கேக்கறதுதான்.'

அது நான் காவல் காத்த சட்டம். வெளியே வந்து கவிழ்ந்த நாற்காலியை நானே நிமிர்த்தினேன். மரத்தடியில் கம்பெனிக்காரர்கள் இரண்டு நாற்காலி காலியாக வைத்திருந்தார்கள். ஒன்றில் ஓரகத்தி உட்கார்ந்தாள். அவளை மட்டும் அங்கே உட்காரவிட்டால் பேத்தி வெளியே வரும்போது முதலில் அவள் முகம்தான் தெரியும். என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டேன்.

இரண்டு பேரும் ஒரே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புன்னைப் பூ மடியில் விழுந்தது. அவள் மடியில்தான் அதிகம் விழுந்தது.

'பொண்ணு நல்லாத்தான் வளந்திருக்கு' என்றாள்.

'நான் வளத்தது.'

'அதத்தான் சொல்றேன். என்கிட்ட வளந்திருந்தா, இந்தப் பேச்சு பேசியிருக்காது.'

இது புகழ்ச்சியா, குத்தலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. புகழ்ச்சியாகவே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பு முடிந்தது. ஓரகத்தி மகன் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்து டேபிளில் உட்கார்ந்தான். பிள்ளைகள் சிலர் பஸ்ஸுக்கு ஓடினார்கள், சிலர் டேபிளுக்கு வந்தார்கள். முக்காட்டுப் பெண் தூணோரம் நின்று ரொம்ப யோசித்துவிட்டுத் தானாக நடந்து வந்தாள். 'சார், தஞ்சாவூர் ஆபீஸ்னா வருவேன். சென்னை வேணாம். வீட்டுக்குப் போன் பண்ணக் கூடாது, நானே வந்து கேப்பேன்' என்றாள். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லாரும் போனபிறகு பேத்தி வந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

'மாமா, உங்க கம்பெனிக்கு நான் வரல. நான் இந்த டேபிள்ல போய் உக்காந்தா, நாளைக்கு ஒரு பிள்ளையும் என்னை நம்பாது. தனக்கு வேலை வாங்கத்தான் எங்களக் கூட்டி வெச்சான்னு நினைப்பாங்க.'

நான் ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! அவள் முகம் சுருங்கியதைக் கண்ணால் பார்த்தேன். மொசைக், போர், ஃபிரிட்ஜ், மணி அடித்த மாதிரி குரல் எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்கு அடங்கிவிட்டது.

அந்த ஒரு நொடிதான்.

'தை அறுவடை வரைக்கும் இங்கதான் இருப்பேன், இந்த பேட்ச் முடியணும்' என்றாள் பேத்தி. 'அப்புறம் சென்னைதான். வேற கம்பெனி. நானே எழுதிப் போட்டேன், நானே பேசினேன், கெடச்சிடுச்சு. யாரும் என்னைக் கூப்பிடல. ஹாஸ்டல்ல தங்கறேன்.' பிறகு என் முழங்காலில் கை வைத்தாள். 'அம்மாச்சி, உன்கிட்ட இன்னிக்கு ராத்திரி சொல்லலாம்னு இருந்தேன். நீதான் முந்திட்ட.'

நீ என்றாள். மறுபடியும் நீ. அதைத்தான் முதலில் கேட்டேன். சென்னை என்பது பிறகுதான் காதில் விழுந்தது.

ஓரகத்தி எழுந்து புடவையைத் தட்டினாள். பூவெல்லாம் கீழே உதிர்ந்தது. 'உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்லக்கா. வாங்க, சுழியம் ஆறுது' என்றாள். நான் போகவில்லை. அவள் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நன்றாகத்தான் இருந்தது. நெய் கொஞ்சம் அதிகம். காட்டுகிறாள்.

தை முடிந்து பேத்தி போனாள். வகுப்பை அந்தக் குழுவிலேயே கை தேர்ந்த பிள்ளைகள் நடத்துகிறார்கள், இவளும் முடிகிற ஞாயிறெல்லாம் பஸ் ஏறி வந்துவிடுகிறாள். டேபிள் இன்னும் மரத்தடியில்தான். வேறு கம்பெனிகளும் வருகின்றன, எல்லாருக்கும் வாசலில் நான்தான். பின்பக்கக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டேன். சாவி என் இடுப்பில்.

பாத்திரக்கடை பாய் மகள் படிப்பு முடித்து இப்போது ஓரகத்தி மகனின் தஞ்சாவூர் ஆபீஸில் இருக்கிறாள். ஓரகத்தி தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் 'நம்ம ஆபீஸ் பொண்ணு' என்கிறாள். அந்தப் பெண் முதலில் சாப்பிட்டது என் சாம்பார். அதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் நான் இதைச் சொல்லி எழுத வைக்கிறேன்.

அவள் அழைத்துப் போயிருந்தால் பேத்தி எதிர் வீட்டுக்காரியின் சென்னை மாடியில் இருந்திருப்பாள், நான் ஜன்மத்துக்கும் தூங்கியிருக்க மாட்டேன். இப்போது யாரோ முகம் தெரியாத ஒருவன் கம்பெனியில் இருக்கிறாள். அவன் மேலும் எனக்குப் பொறாமைதான். ஆனால் அவன் வாசல் என் வாசலுக்கு எதிரில் இல்லை, அது ஒரு ஆறுதல்.

போதும். கை வலிக்கப் போகிறது உனக்கு. முதலிலிருந்து ஒரு தடவை எனக்கு வாசித்துக் காட்டு. இரு, அந்த ஜன்னலைத் திறந்துவிடு. எதிர் வீட்டில் விளக்கு எரிகிறது. காப்பித் தூக்கு வருகிற இடத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வாசி.